நடு எழுத்தை மட்டும் காணோம்: கையடக்க லேசர் சுட்ட விழித்திரை, ஒரு நிகழ்வு ஆய்வு

வந்தபோது

ஏழாம் வகுப்பு படிக்கும் 12 வயதுப் பையன். ஊர், கோபிசெட்டிபாளையத்துக்கும் சத்தியமங்கலத்துக்கும் நடுவில். பெயர் இங்கே தேவையில்லை. அப்பாவுக்கு வாய்க்கால் பாசனத்தில் நெல்லும் மஞ்சளும். அம்மா வீட்டில் மெஷின் போட்டு பனியன் கம்பெனிக்குப் பீஸ் ரேட்டில் தைக்கிறார். புரட்டாசி முதல் வாரத்தில் கண் மருத்துவரான என்னிடம் வந்தார்கள். புகார் ஒன்றரை மாதமாக இருக்கிறது.

"படிக்கறப்ப நடு எழுத்து மட்டும் காணாமப் போயிருதுன்றானுங்க. மொதல்ல, படிக்காம இருக்கறதுக்குச் சாக்குச் சொல்றான்னு நெனச்சுட்டமுங்க" என்றார் அம்மா. வலி இல்லை, சிவப்பு இல்லை, நீர் வடியவில்லை. அடி எதுவும் படவில்லை. பந்து விளையாடும்போது நேராக வரும் பந்து கடைசி நேரத்தில் மறைகிறது என்று பையனே சொன்னான். அம்முச்சி (அம்மாவின் அம்மா) தினமும் ராத்திரி நந்தியாவட்டைப் பூவைக் கண்மேல் வைத்துக் கட்டியிருக்கிறார். அதனால் கெடுதலும் இல்லை, பலனும் இல்லை.

கையில் ஒரு கட்டுக் காகிதம் இருந்தது. கண்ணாடிக் கடையில் பவர் பார்த்து லேசான கண்ணாடி கொடுத்திருக்கிறார்கள். அது சரிப்படாமல் போனபோது வேறோர் இடத்தில் 'சோம்பேறிக் கண்' என்று சொல்லி, நன்றாகத் தெரிகிற இடது கண்ணை மறைத்துக்கட்டச் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாவது இடத்தில் விழித்திரையின் நடுவில் மஞ்சளாக ஏதோ இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். அது நல்ல கவனிப்புதான். ஆனால் பக்கத்திலேயே 'பரம்பரை மாகுலா நோயா?' என்று எழுதி (மாகுலா என்பது விழித்திரையின் நடுப்பகுதி), 'சொந்தத்தில் திருமணம்' என்பதை அடிக்கோடிட்டிருந்தார்கள். அம்மா கட்டியிருப்பது சொந்த மாமன் மகனை. அந்த ஒரு கோடு அந்த வீட்டில் என்ன பாடு படுத்தியிருக்கும் என்பதை அவர் உட்கார்ந்திருந்த விதமே சொன்னது.

கண்ணுக்குள்

வலது கண் பார்வை 6/24, அதாவது மற்றவர்கள் 24 மீட்டரில் படிப்பதை இவன் 6 மீட்டரில்தான் படிக்கிறான். இடது கண் 6/6, ஆனால் கடைசி வரியில் தடுமாற்றம். ஊசித்துளை வழியாகப் பார்க்கச் சொல்லியும் வலது கண்ணில் ஒரு வரிகூட ஏறவில்லை. ஆக, இது கண்ணாடி போட்டுத் தீர்கிற பவர் குறை அல்ல. இரண்டு கண் பாப்பாக்களும் வெளிச்சத்துக்குச் சமமாகச் சுருங்கின. கருவிழி, லென்ஸ், கண் அழுத்தம் எல்லாம் சரி.

ஆம்ஸ்லர் கட்டம் என்ற எளிய தாள் ஒன்று உண்டு. 30 செ.மீ. தூரத்தில் வைத்து, ஒரு கண்ணை மூடி, நடுப்புள்ளியைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சிறு கட்டமும் பார்வையில் ஒரு டிகிரி. பையனிடம் பென்சிலைக் கொடுத்து, தெரியாத இடத்தைத் தீற்றச் சொன்னேன். வலது கண்ணுக்கு நடுப்புள்ளியையே அழித்துவிட்டு, அதற்குக் கொஞ்சம் கீழே சாய்வாக ஒரு சிறு கோடும் போட்டான். புதுத் தாள் கொடுத்து மறுபடி வரையச் சொன்னேன். அதே இடம், அதே சாய்வு. படிப்புக்குச் சாக்குச் சொல்கிற பிள்ளையால் இப்படி இரண்டு முறை ஒன்றுபோல் வரைய முடியாது. விழித்திரையில் மேலே இருக்கும் காயம் பார்வையில் கீழே விழும் என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரித்துப் பார்த்தபோது, வலது விழித்திரையின் நட்டநடுவில், ஃபோவியாவில், சாம்பல் கலந்த மஞ்சளாக ஒரு பொட்டு. அதற்கு மேலே சாய்வாக இரண்டு குட்டைக் கீற்றுகள். இடது கண்ணில், நடுவை விட்டு விலகி, குண்டூசித் தலையை விடச் சிறிதாக ஒரு தழும்பு. விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்குவெட்டாகக் காட்டும் ஓசிடி ஸ்கேனில், வலது ஃபோவியாவில் ஒளியுணர் செல்களின் அடுக்கு அறுந்து கிடந்தது. அதற்கு அடியிலுள்ள நிறமி அடுக்கும் கலைந்திருந்தது. மேலிருந்து கீழாக ஒரு வெண்பட்டை அடுக்குகளை ஊடுருவி நின்றது. நீர் கோக்கவில்லை, ஓட்டை விழவில்லை, புது ரத்தக்குழாய் எதுவும் முளைக்கவில்லை.

பரம்பரை நோய் என்ற சந்தேகம் எனக்கு அந்தக் கீற்றுகளைக் கண்டதுமே கலைந்துவிட்டது. பரம்பரையாக வரும் மாகுலா நோய்களான ஸ்டார்கார்ட் நோயோ பெஸ்ட் நோயோ பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் ஏறக்குறைய ஒரே சாயலில் வரும். ஒரு கண்ணில் நடுவிலும் கீற்றாகவும், மறு கண்ணில் ஓரத்தில் ஒரு பொட்டாகவும் இப்படிக் கோணல்மாணலாக வராது. கீற்று என்றாலே எதுவோ நகர்ந்திருக்கிறது என்று பொருள். ஒன்று ஒளி நகர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் கண்.

கேட்கிற விதம்

சூரியனைப் பார்த்தானா என்பதுதான் முதல் கேள்வி. 2019 டிசம்பர் 26 அன்று வளையச் சூரிய கிரகணம் கோவை, ஈரோடு, கரூர் வழியாகத்தான் போனது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளிடம் இதைக் கேட்காமல் விடுவதில்லை. அன்று பள்ளியிலேயே கிரகணக் கண்ணாடி கொடுத்துக் காட்டினார்கள் என்றார் அப்பா. அதோடு, இவன் தொல்லை புதிது. அடுத்து வெல்டிங் பட்டறை. வெல்டிங் வெளிச்சத்தின் புற ஊதாக்கதிர் பெரும்பாலும் கருவிழியிலேயே நின்றுவிடும். சில மணி நேரம் கழித்து, ராத்திரி தூங்க முடியாதபடி மணல் கொட்டியதுபோல் உறுத்தும். இவனுக்கு வலியே வந்ததில்லை. விழித்திரைக்கு வலி தெரியாது. சுட்டாலும் அது சத்தம் போடாது. இந்தக் காயத்தில் பிள்ளைகளை ஏமாற்றுவதும் அதுதான்.

பெற்றவர்களை ஸ்கேனுக்குப் பணம் கட்ட அனுப்பிவிட்டுப் பையனிடம் பேசினேன். இதை நான் வேண்டுமென்றேதான் செய்கிறேன். அப்பா பக்கத்தில் நிற்கும்போது "லேசர் அடிச்சியா?" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் "இல்லீங்க" என்றுதான் சொல்லும். அந்த 'இல்லை' நோட்டில் ஏறிவிட்டால் அதன்பின் யாரும் திரும்பக் கேட்கமாட்டார்கள்.

"உங்க கிளாஸ்ல பச்சை லைட்டு யார் யார் வெச்சிருக்காங்க கண்ணு?"

"நெறையப் பேருங்க."

"தூரமா அடிக்குமா?"

"வாய்க்கா மேட்டுல நின்னு அடிச்சா அக்கட்டால தென்னந்தோப்பு வரைக்கும் போகுமுங்க" என்றான். அவன் குரலில் அதுவரை இல்லாத பெருமை வந்தது.

அதற்குப் பிறகு மறைக்க ஒன்றுமில்லை. ஆடி மாதத் தேர்க்கடையில், அப்புச்சி (அம்மாவின் அப்பா) கொடுத்த காசில் வாங்கியது. பகலில் அடித்தால் எடுப்பாகத் தெரியாது என்று ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு பெரியப்பா மகனோடு விளையாடியிருக்கிறான். கதிர் கோடாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சாம்பிராணிப் புகை போட்டிருக்கிறார்கள். பீரோ கண்ணாடியில் அடித்து அறையைச் சுற்றித் திருப்பிவிட்டிருக்கிறார்கள். பிறகு பந்தயம்: கண்ணைச் சிமிட்டாமல் யார் அதிக நேரம் பார்ப்பது. இவன்தான் ஜெயித்தான்.

அப்பா திரும்பி வந்து கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டார். "ராத்திரி காட்டுக்குள்ள பன்னி முடுக்கறதுக்கு ஆகும்னு நானே பேட்டரி வாங்கிக் குடுத்தனுங்க." அம்மா லைட்டைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "அப்ப இது பரம்பரை இல்லீங்களா?" என்றார். இல்லை என்றேன். இன்னொரு முறையும் கேட்டார். இன்னொரு முறையும் சொன்னேன். நோட்டிலும் அதைத் தமிழில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன், வீட்டில் மற்றவர்களும் படிக்கட்டும் என்று.

அந்த லைட்

மறுமுறை வரும்போது கொண்டுவரச் சொன்னேன். பேனாவை விடத் தடிமனாகக் கறுப்புக் குழாய், மஞ்சள் ஸ்டிக்கர், அதில் '5 மில்லிவாட்டுக்குக் குறைவு' என்று ஆங்கிலத்தில். தெரிந்த இயற்பியல் பேராசிரியர் ஒருவர் கல்லூரி ஆய்வகத்தில் பவர் மீட்டர் வைத்துப் பார்த்தார். பச்சை ஒளி மட்டும் 60 மில்லிவாட்டுக்கு மேல் இருந்தது. அதுபோக, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் கொஞ்சம்.

இதன் அர்த்தத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். உலகெங்கும் லேசர்களை வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 1 மில்லிவாட் வரை இரண்டாம் வகுப்பு. 5 வரை 3ஆர். 5 முதல் 500 வரை 3பி. அதற்கும் மேலே நான்காவது. அமெரிக்காவில் சுட்டுகோலாக விற்பதற்கு 5 மில்லிவாட் வரம்பு. பிரிட்டனில் பொதுமக்களுக்கு 1 மில்லிவாட் போதும் என்கிறார்கள். 1 மில்லிவாட் என்ற கணக்கு, கால் நொடியில் கண் சிமிட்டிவிடும் அல்லது தலை திரும்பிவிடும் என்ற நம்பிக்கையில் போட்டது. ஜெர்மனியில் தன்னார்வலர்களை வைத்துச் சோதித்தபோது ஐந்தில் ஒருவருக்கும் குறைவானவர்களே லேசர் ஒளிக்கு உடனே கண் சிமிட்டினார்கள். சிமிட்டக்கூடாது என்று பந்தயம் கட்டிய பிள்ளையிடம் அந்தக் கணக்கு எங்கே நிற்கும்?

சாதாரண பல்பின் வெளிச்சம் எல்லாத் திசையிலும் சிதறும். லேசர் கதிர் இணையாக வருவதால், கண்ணின் லென்ஸ் அதை முழுக்க ஒரே இடத்தில் குவித்துவிடுகிறது. நேராகப் பார்த்த சூரியனின் பிம்பம் விழித்திரையில் சுமார் 160 மைக்ரான் அகலத்தில் விழும். லேசரின் பொட்டு 20 மைக்ரான் அளவுக்குச் சுருங்கலாம். கருவிழியில் விழும் ஒளியின் செறிவு விழித்திரையை எட்டும்போது ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்கு ஆகிறது. அங்கே நிறமி அடுக்கிலுள்ள மெலனின் அதை உறிஞ்சிச் சூடாகிறது. 10 டிகிரிக்கு மேல் சூடேறினாலே புரதம் வெந்துபோகத் தொடங்கும். இருட்டு அறையில் பாப்பா 6, 7 மி.மீ. வரை விரிந்திருப்பதால் கதிரில் எதுவும் வெளியே தங்குவதில்லை. பீரோ கண்ணாடி பட்டு வந்த கதிர் பாதியாகக் குறைந்திருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். சுவரில் பட்டால் சிதறும்; கண்ணாடியில் பட்டால் கதிராகவேதான் திரும்பும், பெரும்பகுதி வலுவோடு.

இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டவர்களுக்கு நான் சிகிச்சை செய்யும் பச்சை லேசரும் இதே 532 நானோமீட்டர்தான். சாவி போட்டுத் திறந்து, அறைக் கதவில் எச்சரிக்கை விளக்கு எரிந்து, என் கண்ணுக்கு வடிகட்டி வைத்து, காலால் மிதித்தால் மட்டும் நொடியில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ சுடுவது. பொட்டு 200 மைக்ரானுக்குக் குறையாமல், ஃபோவியாவுக்கு எட்டவே விலகி நின்றுதான் சுடுவோம். சிறிய பொட்டில் சூடு பக்கவாட்டில் சீக்கிரம் ஆறிவிடும் என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. இருந்தாலும் அந்தக் கறுப்புக் குழாய் இருக்க வேண்டிய இடம் சட்டைப்பை அல்ல.

மலிவான பச்சை லேசரில் இன்னொரு கள்ளத்தனமும் உண்டு. அதில் பச்சை நேரடியாகப் பிறப்பதில்லை. 808 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒரு படிகத்தைத் தூண்டி 1064 ஆகிறது. அது இன்னொரு படிகத்தில் பாதியாகி 532 பச்சை ஆகிறது. மிச்ச அகச்சிவப்பைத் தடுக்க ஒரு சிறு வடிகட்டி வேண்டும். விலை குறைக்க அதை விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனத்தார் 2010இல் சோதித்த ஒரு சுட்டுகோலில் பச்சை மங்கலாகத்தான் தெரிந்தது. அகச்சிவப்போ கிட்டத்தட்ட 20 மில்லிவாட் வந்தது. 2013இல் 122 சுட்டுகோல்களை அளந்ததில், பச்சையில் 90 சதவீதத்துக்கு அருகிலும் சிவப்பில் 44 சதவீதமும் விதிக்குள் அடங்கவில்லை என்று சொன்னார்கள். 'பேட்டரி எறங்கிப்போச்சு, இனி ஒண்ணும் பண்ணாது' என்று மங்கலான லைட்டைக் குழந்தை கையில் கொடுக்கிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வெளிச்சத்தை வைத்து வலுவை எடை போடுவதும் தப்புக் கணக்கு. ஒரே வலுவுள்ள பச்சையையும் சிவப்பையும் பக்கத்தில் வைத்தால், பச்சை நம் கண்ணுக்குப் பல மடங்கு பளிச்சென்று தெரியும். 405 நானோமீட்டர் ஊதா இன்னும் மோசம்: கண் அதை அரைகுறையாகத்தான் பார்க்கும், கூசாது, விலகத் தோன்றாது.

வெளியே பதிவானவை

இந்தப் பையனின் கதை புதிதல்ல. 2010இல் சுவிட்சர்லாந்தில் 15 வயதுப் பையன் ஒருவன் இணையத்தில் வாங்கிய 150 மில்லிவாட் பச்சை லேசரைக் கண்ணாடி முன்னால் வைத்து விளையாடிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டதை மருத்துவ இதழில் எழுதினார்கள். 2018இல் கிரீஸில் 9 வயதுப் பையன். இடது கண்ணின் மாகுலாவில் பெரிய ஓட்டை, பார்வை 20/100, நம் கணக்கில் 6/30. சவூதி அரேபியாவில் நீல லேசரால் மாகுலா கெட்ட 14 பேரைத் தொகுத்து எழுதினார்கள். எல்லாரும் ஆண்கள், பெரும்பாலும் இளவயது. பீரோவும் சாம்பிராணியும்தான் நம்முடையவை. கண்ணாடியும் பந்தயமும் எல்லா ஊரிலும் உண்டு போலிருக்கிறது.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். தேர்க்கூட்டத்தில் எவனோ தூரத்திலிருந்து வீசிய லைட் ஒரு கணம் முகத்தில் பட்டுவிட்டது என்று பயந்து வருகிறவர்கள் உண்டு. கண்ணைக் கசக்கிக் கசக்கிச் சிவக்கவைத்துக்கொண்டு வருவார்கள். அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஓசிடி சுத்தமாக இருக்கும், கூச்சம் போய்விடும். வலி என்று வந்தால் அது கசக்கியதால் வந்த வலி. காயம் பெரும்பாலும் உற்றுப் பார்த்தவர்களுக்குத்தான்.

மருந்து

இல்லை. இதைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுவதே மரியாதை. வீக்கத்தைக் குறைக்கச் சிலர் ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கிறார்கள். பலன் உண்டு என்று நிரூபணம் இல்லை, வளரும் பிள்ளைக்குப் பக்கவிளைவு மட்டும் நிச்சயம். இவன் வந்ததோ ஒன்றரை மாதம் கழித்து. நான் கொடுக்கவில்லை. "கண்ணுக்குச் சத்து மாத்திரை ஏதாச்சும் எழுதுங்க" என்று அப்பா கேட்டார். கீரையும் முட்டையும் கொடுங்கள், காசை மிச்சம் பிடியுங்கள் என்றேன். இடது கண்ணைக் கட்டுவதை அன்றே நிறுத்தச் சொன்னேன். பவர் கண்ணாடியும் வேண்டாம்.

காத்திருந்து பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. ஆம்ஸ்லர் தாளைப் பீரோ கண்ணாடியின் மேலேயே ஒட்டச் சொன்னேன். தினமும் பல் துலக்கியதும் ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால் பார்க்க வேண்டும். கோடுகள் புதிதாக வளைந்தால், அழிந்த இடம் பெரிதானால், அன்றைக்கே வர வேண்டும். நிறமி அடுக்கு கிழிந்த இடத்தில் மாதங்கள் கழித்துக்கூடப் புது ரத்தக்குழாய் முளைத்துக் கசியலாம். அதற்கு ஊசி மருந்து இருக்கிறது, தாமதித்தால் அதன் பலன் குறையும். ஓட்டை விழுந்தால் சில சமயம் தானாக மூடும்; மூடாவிட்டால் அறுவை சிகிச்சை.

பள்ளியில் முதல் வரிசையில் உட்காரவைக்கச் சொல்லிக் கடிதம் கொடுத்தேன். தலைமையாசிரியர் அதைப் படித்துவிட்டு ஏழாம் எட்டாம் வகுப்புப் பைகளைச் சோதித்தாராம். ஒரு டிபன் பாக்ஸ் நிறையச் சேர்ந்ததாக அப்பா சொன்னார். தானே போய் ஒப்படைத்தால் திட்டு இல்லை என்று சொல்லியிருந்தால் இன்னும் சேர்ந்திருக்கும் என்பது என் எண்ணம்.

பின்தொடர்ந்து பார்த்ததில்

ஆறு வாரத்தில் வலது கண் 6/18. மூன்று மாதத்தில் 6/12. ஆறு மாதத்திலும் 6/12, அதோடு நின்றுவிட்டது. ஓசிடியில் வெண்பட்டை கரைந்து, அறுந்த அடுக்கு இரு பக்கமிருந்தும் நெருங்கி வந்து, நடுவில் ஒரு சிறு இடைவெளி மிஞ்சியது. அது இனி மூடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டு கண்ணாலும் பார்க்கும்போது இடது கண் ஈடுகட்டிவிடுகிறது. படிப்பதில் சிரமமில்லை என்கிறான். வலது கண்ணால் மட்டும் படிக்கச் சொன்னால் இன்னமும் ஒவ்வொரு சொல்லிலும் ஓரெழுத்தைத் தாண்டிப் போகிறான். பந்தைப் பிடிக்கத் தலையைக் கொஞ்சம் சாய்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறான். அதை அவனாகவே செய்கிறான்.

பந்தயத்தில் தோற்ற பெரியப்பா மகனையும் வரவழைத்தேன். 14 வயது. "எனக்கு ஒண்ணுமில்லீங்க" என்றே உட்கார்ந்தான். இரண்டு கண்ணும் 6/6. ஓசிடியில் வலது கண்ணில், ஃபோவியாவுக்கு வெளியே, ஒரு பொட்டு. அவனுக்கே தெரியாத பொட்டு. கேட்காமல் விட்டிருந்தால் எந்த நோட்டிலும் ஏறியிருக்காது.

இப்போது மாகுலாவில் காரணம் தெரியாத பொட்டோடு வரும் 8 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் எல்லாரிடமும், பெற்றவர்கள் இல்லாத நேரத்தில், அந்தப் பச்சை லைட்டை அதன் பெயர் சொல்லியே கேட்கும்படி எங்கள் பரிசோதனை அறைப் பெண்களுக்குச் சொல்லியிருக்கிறேன். கூட விளையாடியது யார் என்பது அடுத்த கேள்வி. பையனுக்கும் அண்ணனுக்கும் அடுத்த ஓசிடி ஒரே நாளில், அரையாண்டு விடுமுறையில்.